துடுப்புச் சத்தமும் ஓடப்பாட்டும்

"இது அந்தக் கதைதான்!" என்று நான் கத்தியதில் என் தோழியின் பேனா தாளின் மேல் ஒரு சொட்டு மையை விட்டுவிட்டது. அவள் முறைத்தாள். அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை.

என் வலது முழங்காலில் ஒரு சினிமாப் பாட்டுப் புத்தகம் கிடந்தது. அவளுடைய அண்ணன் வியாபாரத்துக்கு நாகப்பட்டினம் போய்வரும்போது கொண்டுவந்தது. இளஞ்சிவப்புத் தாள், பன்னிரண்டு பக்கம், அட்டையில் ஓடத்தில் நிற்கும் ஒரு பெண். இடது முழங்காலில் ஒரு பழைய பிரெஞ்சு நாவல். பள்ளிப் படிப்பு முடிந்த பிறகும் பள்ளி நூலகத்துக்குத் திருப்பித் தராமல் நான் வைத்திருந்தது. பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருந்தது. ஆற்றங்கரை, ஓடக்காரனின் விதவை, ஒண்ட வந்த ஓர் அந்நியன் என்று படித்துக்கொண்டே வந்தவளுக்குப் பிடரி சிலிர்த்துவிட்டது.

"எந்தக் கதை, புள்ள?"

"பள்ளிக்கூடத்துல படம் காட்டுனாங்களே, அது! இந்த நாவல்தான். தமிழ்ல எடுத்திருக்காங்க. ஏழு பாட்டு!"

"அந்தக் கதையில பாட்டா?" அவள் மைச்சொட்டை உறிஞ்சுதாளால் ஒற்றிக்கொண்டே சொன்னாள்: "மௌத்தான வீட்டுல மேளம் அடிச்ச மாதிரில்ல இருக்கும்."

அந்த நொடியில்தான் எனக்கு அது தோன்றியது. நாவல் ஒன்று, படம் இரண்டு. ஒன்றில் பேச்சும் மௌனமும், இன்னொன்றில் பாட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் என்ன? எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் அது நடந்தாக வேண்டும். அதுதான் என் வியாதி.

நாவலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஓடத்துறையில் ஒரு விதவை தனியாக ஓடம் விடுகிறாள். அவள் புருஷனை யாரோ கொன்று ஆற்றில் தள்ளி ஒரு வருஷம் ஆகிறது. மழைக்காலத்தில் ஓர் அந்நியன் வந்து அவள் வீட்டுப் பரணில் தங்குகிறான். நல்லவனாகத்தான் தெரிகிறான். ஒருநாள் அவன் ரொட்டி அறுக்கக் கத்தியை எடுக்கிறான். கொம்புப் பிடி போட்ட அந்தக் கத்தி அவள் புருஷனுடையது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் அவள் தினமும் அவனுக்குச் சாப்பாடு போடுகிறாள். முந்நூறு பக்கமும் அதுதான். கடைசியில் வெள்ளம் வருகிறது. அவனை ஏற்றிக்கொண்டு அவள் ஓடத்தை எடுக்கிறாள். அக்கரையில் ஒருவர்தான் இறங்குகிறார்.

இதைப் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்த படத்தைப் பங்குனியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் காட்டினார்கள். பழைய மாணவிகளையும் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்துச் சுவரில் வெள்ளைத் துணி. பின்னால் மேசைமேல் படக்கருவி. அதை ஓட்டியது ஒரு கன்னியாஸ்திரீ. நாங்கள் அவர்களை மாசேர் என்போம். நான் முன்வரிசையில் கழுத்தை அண்ணாந்து உட்கார்ந்திருந்தேன். என் தோழி முக்காட்டோடு கடைசியில், கதவோரம், படக்கருவிக்குப் பக்கத்தில் இருந்தாள். படம் முடிந்தவுடன் வெளியேற வசதியாக அங்கேதான் உட்கார வேண்டும் என்பது அவளுடைய உம்மாவின் உத்தரவு. அந்தப் படத்தில் பாட்டே இல்லை. பின்னணியில் ஒரு கம்பி வாத்தியம்கூட இல்லை. கடைசிக் காட்சியில் திரை முழுக்க இருண்டுபோய், துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் மட்டும் வந்தது. சளப், சளப். அன்று வீட்டுக்கு நடந்து போகையில் மத்தியான வெயிலிலேயே எனக்குக் கை சில்லிட்டிருந்தது.

அப்படிப்பட்ட படத்தோடு ஏழு பாட்டுப் படத்தை ஒப்பிடுவதற்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

யோசிக்க ஒன்று இருந்தது. நான் அந்தத் தமிழ்ப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. பார்க்கவும் முடியாது. அது மாயவரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாயவரம் இந்திய யூனியன். எங்கள் ஊர் இன்னும் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அந்தக் கோடையில் எல்லையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் விடுவதில்லை. சீட்டு கேட்கப் போனால் எதற்கு, யாரைப் பார்க்க, அப்பா எந்தக் கட்சி என்று கேள்விமேல் கேள்வி. சினிமா பார்க்க என்று சொன்னால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் சிரிக்காமல் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆனால் பாட்டுப் புத்தகம் கையில் இருந்ததே. பாட்டு ஏழும் இருந்தது, கதைச் சுருக்கமும் பாதிவரை இருந்தது. கத்திக்குப் பதில் பித்தளை வெற்றிலைப் பெட்டி, ரொட்டிக்குப் பதில் சோறு. 'ஓடம் கரை சேர்ந்ததா? மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று வழக்கம்போல் முடித்திருந்தார்கள். மீதியை ஊகிக்க எனக்கு வெள்ளித்திரை எதற்கு? அந்நியன் அழுது திருந்துவான், ஓடக்காரி மன்னிப்பாள், எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள், சுபம். தமிழ்ப் படம் வேறு எப்படி முடியும்?

எங்கள் பத்திரிகையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அது கையெழுத்துப் பத்திரிகை. இரண்டு மாதத்துக்கு ஓர் இதழ், இதழுக்கு ஒரே பிரதி. நானும் தோழியும் எழுதுவோம். பிரதி எடுப்பது அவள் மட்டும்தான். அப்படி ஒரு முத்தான எழுத்து அவளுக்கு. ஏழு வீடுகளுக்கு அது சுற்றில் போகும், வீட்டுக்கு இரண்டு நாள். கடைசியில் நாலு பக்கம் அபிப்பிராயம் எழுத வெறுமையாக விட்டிருப்போம். ஏழாவது வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் அவளுடைய வாப்பா அதை எடுத்து அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பார். சைகோனில் இருபது வருஷம் கடை வைத்திருந்தவர் அவர். யாரோ எதையோ கேள்விப்பட்டு எழுதிய ஒரு கடிதத்தை நம்பி அங்கே பெரிய நஷ்டப்பட்டாராம். அதனால் ஒரே நிபந்தனையோடுதான் மகளுக்கு அனுமதி கொடுத்திருந்தார். அந்த நிபந்தனையே பத்திரிகையின் முதல் பக்கத்தில் கட்டம்போட்டு இருக்கும்: 'கண்ணால் கண்டதே எழுதப்படும்.' ஒரு பொய் கண்டால் அன்றோடு பேனாவை வாங்கி வைத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்.

அவளுக்குப் பள்ளிக்கூடம் பதினாலு வயதோடு நின்றுவிட்டது. கடைத்தெரு கிடையாது, கடற்கரை கிடையாது. அவளிடம் இருந்தது அந்தப் பேனா ஒன்றுதான்.

"நீ படம் பாத்தியா?" என்று கட்டுரையை வாங்கும்போது அவள் கேட்டாள்.

"பூவத்து அத்தை கூட்டிக்கிட்டுப் போனாங்க. போன ஞாயித்துக்கிழமை."

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். பூவத்தில் எனக்கு அத்தை இருப்பது உண்மை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்ததும் உண்மை. நடுவில் இருந்தது மட்டும் இல்லை.

அவள் நம்பினாள். மூன்று நாள் உட்கார்ந்து பச்சை மையில் தலைப்பும் நீல மையில் உடலுமாகப் பிரதி எடுத்தாள். நான் எழுதியிருந்தது எனக்கு இன்னும் மனப்பாடம்: 'பிரெஞ்சு இயக்குநர் திரையையே இருளாக்கித் துணிகிறார், நாம் கேட்பது துடுப்பின் ஒலி மட்டுமே. தமிழ்ப் படத்திலோ ஆறாவது பாட்டாக ஓர் ஓடப்பாட்டு. பயத்தின் வாயில் பஞ்சுமிட்டாயைத் திணித்ததுபோல் இருந்தது. அரங்கில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்தது.' அரங்கில் உட்கார்ந்திருந்த எனக்கு!

இதழ் சுற்றுக்குப் போனது. நாலு நாள் கழித்து அவள் வீட்டு மாடியில் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தபோது அவள் சந்தோஷமாகச் சொன்னாள்: "இந்தத் தடவை ஏழாவது வீடு மாறுது. நாம பெரிய ஆளாயிட்டோம், தெரியுமா? தருமபுரத்து நர்ஸம்மா கேட்டு அனுப்புனாங்க."

கடித்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டேன்.

எங்கள் ஊரை ஒட்டிய தருமபுரத்து நர்ஸம்மாவை எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் பாதிப் பிள்ளைகளைப் பெற வைத்தவர். மாதம் ஒருமுறை முறையாகச் சீட்டு வாங்கிக்கொண்டு மாயவரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவார். போனால் படம் பார்க்காமல் திரும்ப மாட்டார். பிரசவ வலியில் கத்துகிறவர்களிடம் படக் கதை சொல்வார் என்றுகூடப் பேச்சு உண்டு.

"ஏன் மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

"காரம்," என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு எண்ணுவதே வேலையாயிற்று. மூன்றாவது வீட்டில் இன்று. நாளை மறுநாள் நாலாவது. எட்டு நாள் இருக்கிறது, ஆறு நாள் இருக்கிறது. தெருவில் வெள்ளைப் புடைவை யார் கட்டிக்கொண்டு வந்தாலும் நர்ஸம்மா என்று நெஞ்சு திக்கென்றது. அம்மா கூப்பிட்டால் திடுக்கிட்டேன். நாவலின் முந்நூறு பக்கமும் என்ன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருவருக்குத் தெரியுமா தெரியாதா என்று தெரியாமல், அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பது. நான் அந்த அந்நியனைப் போல இருந்தேன். என் தோழி எனக்குத் தினமும் முறுக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

என்ன செய்யலாம் என்று யோசித்தேன். போய் ஒப்புக்கொள்ளலாம். அதற்குத் தைரியம் இல்லை. இன்னொன்றும் இருந்தது: படத்தைப் பார்த்துவிடுவது. பிரதி ஏழாவது வீட்டுக்குப் போகும்முன் பார்த்துவிட்டால், தப்பாக எழுதியதை அபிப்பிராயப் பக்கத்தில் நானே முந்திக்கொண்டு திருத்திவிடலாம். பொய் மெய்யாகிவிடும், தேதி மட்டும் கொஞ்சம் முன்பின். என் கணக்கு அப்படி ஓடியது. பிரதி நர்ஸம்மா வீட்டுக்குப் போவது ஞாயிறு சாயங்காலம். மாயவரத்தில் ஞாயிறு பகல் ஆட்டம் உண்டு.

சனிக்கிழமை பூவத்துக்குப் போனேன். என் அத்தைக்கு நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் கால்காணி கத்திரித் தோட்டம் உண்டு. அந்தக் காலத்தில் பூவத்தில் பலருக்கு அப்படித்தான். வீடு பிரெஞ்சில், வயல் யூனியனில். தினமும் ஆற்றைத் தாண்டுகிறவர்களிடம் அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர்கள் சீட்டுக் கேட்பதில்லை.

"மாயவரமா? சினிமாவா?" அத்தையின் கண் விரிந்தது. "அடிப்பாவி, இத்தன நாளா எங்கேடி இருந்தே? உங்க மாமா கூட்டிட்டுப் போவாருன்னு நானும் ரெண்டு வருஷமாப் பாக்குறேன்."

"பிடிச்சுட்டாங்கன்னா, அத்தை?"

"புடிச்சா என்ன, கத்திரிக்காய்க்கு விலை கேப்பாங்க. செருப்பக் கழட்டு. அந்தக் கைக்கடியாரத்தக் கழட்டு. முக்கியமா வாயக் கழட்டி வெச்சுட்டு வா. நீ வாயத் தொறந்தா பள்ளிக்கூடம் வாடை அடிக்குது."

ஞாயிறு காலை ஆற்றில் முழங்கால் தண்ணீர். தலையில் கத்திரிக்காய்க் கூடை. கால் மணலில் புதைகிற ஒவ்வொரு அடிக்கும் பின்னால் யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. கரையேறினால் கீற்றுக் கொட்டகை, அதில் ஒரு போலீஸ்காரர், மீசை வைத்தவர்.

"யாரு இது, புதுசா?"

"எங்க அண்ணன் மவ, ஐயா. ஒத்தாசைக்கு வந்திருக்கு."

"பேரு என்னம்மா?"

என் வாய் திறந்ததோ இல்லையோ, அத்தை முந்திக்கொண்டாள். "அதுக்குப் பேச்சு வராதுங்க. பொறந்ததுலேருந்து இப்படித்தான். மாரியம்மனுக்கு வேண்டியிருக்கோம்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். நான் இரக்கப்படத் தகுந்தவளாகவே நின்றிருப்பேன். போகச் சொல்லிக் கையை ஆட்டினார். பஸ் ஏறும்வரை அத்தை சிரிக்காமல் வந்தாள். ஏறி உட்கார்ந்ததும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். "உன் வாய்க்கு வந்த கதியப் பாத்தியா!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே வழியில் திரும்ப வேண்டுமே என்று இருந்தது.

கொட்டகையில் பெண்கள் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஏலேலோ என்று ஆர்ப்பாட்டமாகத் தொடங்கும் என்று நினைத்தேன். தொடங்கவில்லை. முதல் கால் மணி நேரம் காவிரி மட்டும்தான். பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஓடத்தில், ஆறாவது பாட்டு. பாட்டுப் புத்தகத்தில் ஆறாவது என்று போட்டிருந்தார்கள், படத்தில் முதலிலேயே வந்துவிட்டது! 'அந்தி சாயுது, அக்கரைக்கு ஆளிருக்கா' என்று அவன் கேட்பான், அவள் பதில் பாடுவாள். உற்சாகமான மெட்டு. பக்கத்திலிருந்த குழந்தைகூடத் தொடையில் தாளம் போட்டது. சரிதான், பஞ்சுமிட்டாய்தான் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு அவனைக் கொன்றார்கள். அந்நியன் வந்தான். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தான்.

பிரெஞ்சுப் படத்தில் கத்தியைப் பார்த்ததும் அந்த நடிகை அசையாமல் நிற்பாள். அவள் முகத்தில்தான் எல்லாமும். தமிழ்ப் படத்து நடிகை நிற்கவில்லை. சுண்ணாம்பு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய், அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் வெளியிலிருந்து 'என்ன செய்யறே?' என்று கேட்டதும், தாலாட்டுப் பாட ஆரம்பித்தாள். அந்த வீட்டில் குழந்தையே கிடையாது. இல்லாத குழந்தைக்கு அவள் பாடுகிறாள், குரல் உடையக் கூடாதே என்று பாடுகிறாள். பாட்டை நிறுத்தினால் அழுகை வந்துவிடும், அழுதால் அவனுக்குத் தெரிந்துவிடும். மௌனத்தில் ஒளிந்துகொள்ளலாம் என்று நாவல் சொல்கிறது. இங்கே அவள் பாட்டுக்குள் ஒளிந்திருந்தாள். பயம் ஒருபக்கம், என் கட்டுரையின் நினைப்பு ஒருபக்கம்.

கடைசியில் வெள்ளம். நடு ஆற்றில் அவள் துடுப்பை உள்ளே இழுத்து வைத்தாள். திரும்பி உட்கார்ந்தாள். பாடினாள்.

'அந்தி சாயுது, அக்கரைக்கு ஆளிருக்கா?'

அதே பாட்டு. ஆனால் தாளமில்லை, வாத்தியமில்லை, நாலில் ஒரு பங்கு வேகம். புருஷன் பாடிய அடியையும் அவளே பாடினாள். பதில் அடிக்கு நிறுத்தி, காத்திருந்து, மறுபடியும் பாடினாள். அந்நியன் முதலில் புன்னகைத்தான். பிறகு அவன் முகம் மாறியது. செத்தவன் வாயில் அவன் கடைசியாகக் கேட்ட பாட்டு அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் சொல்லவே இல்லை, பாடினாள். அத்தையின் நகம் என் கையில் இறங்கியது. பாட்டு ஒரு சொல்லின் நடுவில் அறுந்தது. அடுத்தது அக்கரை, ஈரப் புடைவையோடு அவள் இறங்கி நடக்கிறாள், கையில் அந்த வெற்றிலைப் பெட்டி. 'சுபம்' என்று போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பாட்டுப் புத்தகத்தில் அந்தப் பாட்டை ஒருமுறைதான் அச்சிட்டிருந்தார்கள். ஒரே வரிகளை எதற்கு இரண்டு தடவை அச்சடிப்பார்கள்?

இரண்டு வரி திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது என்பது பஸ்ஸில் தெரிந்துவிட்டது. நான் எழுதியதில் ஒரு சொல்கூட நிற்காது.

ஆற்றங்கரைக்கு வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அதே மீசைக்காரர். இந்தத் தடவை அவர் பேசும் ஆசையில் இருந்தார். "காய் வித்துட்டு சினிமாவுக்குப் போயிட்டு வர்றீங்க, கையில கொட்டகை டிக்கெட்டுத் துண்டு இருக்கு. அந்த ஓடக்காரி படந்தானே? நமக்குத்தான் லீவு கிடைக்க மாட்டேங்குது. கடைசியில என்ன ஆவுது?"

"அது என்னங்க, அவ அவனத் தண்ணியில தள்ளிப்புடுறா," என்றாள் அத்தை.

"தள்ளவே இல்ல!" என்றேன் நான். "அவ தொடவே இல்லங்க. பாடுறா, அவ்வளவுதான். அந்தப் பயத்துலயே அவன்..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது.

"பேச்சு வராதுன்னியே?"

அத்தை அசரவில்லை. "காலையில வரலைங்க. படம் பாத்து வந்துருச்சு போல. மாரியம்மன் புண்ணியம்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எங்களைக் கொட்டகைக்குள் உட்காரச் சொன்னார். யார், எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், ஏன் பொய் சொன்னீர்கள். ஏன் பொய் சொன்னாய் என்ற கேள்விக்கு என்னிடம் எத்தனையோ பதில் இருந்தன, ஆனால் அவர் கேட்டது என் கட்டுரைப் பொய்யைப் பற்றி அல்ல. இன்னொரு தடவை சீட்டில்லாமல் பார்த்தால் உள்ளே தள்ளிவிடுவேன் என்று சொல்லி விட்டபோது பொழுது போயிருந்தது. பிரதி நர்ஸம்மா வீட்டுக்குப் போய்விட்டிருக்கும்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் தருமபுரத்துக்குப் போகக் கால் எழவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் துணிந்து போனால், வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "நர்ஸம்மாவுக்கு டூட்டி. ஒரு நோட்டப் போற வழியில கொடுத்துட்டுப் போறேன்னு கொண்டுபோனாங்களே," என்றாள்.

தருமபுரத்திலிருந்து தோழியின் வீடுவரை எப்படி வந்தேன் என்று ஞாபகமில்லை. மாடியில் அவள் இதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அபிப்பிராயப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். சிவப்பு மையில் ஒரே ஒரு வரி: 'ஓடப்பாட்டு படத்தில் எத்தனை தடவை வருகிறது என்று கட்டுரையாளர் சொல்லலாமா?'

"இது என்ன கேள்வி, புள்ள?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "உனக்குத் தெரியுமில்ல?"

"ரெண்டு தடவை."

அவள் முகத்தில் உயிர் வந்தது. "அப்ப எழுதிடு! நா உசிரக் கையில புடிச்சுக்கிட்டு இருக்கேன். வாப்பா அசர் தொழுதுட்டு வந்து படிப்பாங்க."

பேனாவை நீட்டினாள். 'இரண்டு' என்று எழுதிவிட்டால் போதும். சரியான பதில், நர்ஸம்மாவின் வாயும் அடைத்துவிடும். நான் ஆற்றைத் தாண்டியது அதற்குத்தானே? பேனாவை வாங்கிக்கொண்டேன். நாலு எழுத்து.

"நா பாத்தது ஞாயித்துக்கிழமைதான்," என்றேன். "முந்தாநேத்து. எழுதும்போது பாக்கல."

கீழே கிணற்றில் யாரோ நீர் இறைத்தார்கள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், விரலில் அழியாத பச்சை மைக்கறையை.

"ஏங்கிட்டயே சொன்னியேடி," என்றாள் கடைசியில். "நா மூணு நாள் முதுகு ஒடிய எழுதுனேன்." அப்புறம் கோபத்தில் பக்கத்தைப் புரட்டியவள், ஓரிடத்தில் நின்றாள். "இது மட்டும்? 'திரையையே இருளாக்கித் துணிகிறார்'. இதையாவது பாத்தியா?"

"அது நம்ம ரெண்டு பேரும் பாத்தோமே! பள்ளிக்கூடத்துல!"

"முன்னாடி உக்காந்திருந்தவளுக்கு என்ன தெரியும். அது மாசேரோட ஜெபப் புத்தகம், புள்ள."

எனக்கு விளங்கவில்லை.

"அந்த ஆளு அவ கையப் புடிச்சு இழுத்தான். முத்தம் கொடுக்கப் போறான்னு மாசேர் ஜெபப் புத்தகத்தக் கொண்டுவந்து கருவி முன்னாடி மறைச்சாங்க. அப்புறம் எடுக்கவே இல்ல. ஏன்னா அவங்களும் பயந்துபோயிக் கண்ண மூடிக்கிட்டாங்க. நா பக்கத்துலல்ல இருந்தேன்! நீ அத என்னமோ இயக்குநரு செஞ்சாருன்னு... நா அதையும் எழுதுனேன் பாரு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிப்பிலேயே கண்ணீரும் வந்தது. இரண்டில் எது அதிகம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு இரண்டும் வரவில்லை. இரண்டு படங்களை ஒப்பிட்டிருந்தேன். ஒன்றைப் பார்க்கவே இல்லை. இன்னொன்றின் முடிவை ஒரு ஜெபப் புத்தகத்தின் அட்டையில் பார்த்திருந்தேன்.

சிவப்பு வரிக்குக் கீழே எழுதினேன்: 'இரண்டு தடவை. இதை நான் எண்ணியது கட்டுரை எழுதிய பின்பு. எழுதும்போது படம் பார்க்கவில்லை. பிரதி எடுத்தவருக்கு இது தெரியாது.' என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. அவளுடைய முத்துகளுக்குப் பக்கத்தில் அதைப் பார்க்கவே சகிக்கவில்லை.

அசருக்குப் பிறகு வாப்பாவின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் ஏறியது. நான் மறுபக்கப் படியில் இறங்கி ஓடிவிட்டேன். அவ்வளவுதான் என் தைரியம்.

அன்றும் மறுநாளும் எந்தச் சேதியும் இல்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று தெரியாமல் சாப்பிட்டேன். வியாழக்கிழமை அவள் வீட்டு வேலைக்காரப் பெண் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். முத்தான எழுத்து, நீல மை. அந்த மையைப் பார்த்ததுமே எனக்கு மூச்சு வந்தது.

'வாப்பா இதழைத் திருப்பித் தரவில்லை. பூட்டி வைத்துவிட்டார்கள். ஆனால் பேனாவைக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்கள்: இரண்டையும் முழுசாகப் பார்த்துவிட்டு எழுதச் சொல், பார்த்ததற்குச் சாட்சி வேண்டும். அடுத்த இதழில் அது சரியாக வராவிட்டால் பேனா எனக்கில்லை. எனக்கு இன்னும் உன்மேல் கோபம் இருக்கிறது. முறுக்கு இருக்கிறது, வா.'

அடுத்த இதழுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. தமிழ்ப் படத்துக்குச் சாட்சி அத்தையும், வேண்டுமென்றால் மீசைக்காரப் போலீஸ்காரரும். மீதி இருப்பது பிரெஞ்சுப் படத்தின் கடைசிச் சுருள். புதுச்சேரியிலிருந்து அந்தப் படப்பெட்டி சின்ன வகுப்புகளுக்காகத் திங்கட்கிழமை மறுபடியும் பள்ளிக்கு வருகிறதாம். அந்த இருட்டுக்குப் பின்னால் உண்மையில் என்ன இருக்கிறது? இயக்குநரும் அங்கே இருட்டைத்தான் வைத்திருந்தாரா, இல்லை ஒன்றுமில்லாத சாதாரண முத்தமா? ஒருவேளை துடுப்புச் சத்தத்தோடு அங்கேயும் யாராவது முணுமுணுத்துப் பாடுகிறார்களோ?

திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போகிறேன். முதலில் நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மாசேரிடம், கடைசிச் சுருளை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும், ஜெபப் புத்தகம் இல்லாமல் ஓட்டுவீர்களா என்று கேட்க வேண்டும். பிரெஞ்சில் கேட்பதா தமிழில் கேட்பதா என்றுகூட இன்னும் முடிவு செய்யவில்லை. ஆற்றைத் தாண்டிய அன்று பட்ட பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.